லெந்து காலத்தில் நோன்புக் கஞ்சி

அந்த வருடம் எங்கள் லெந்தும் முஸ்லிம்களின் நோன்பும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தன. தனித்தனியாக வந்திருந்தால் நான் யோக்கியனாகவே இருந்திருப்பேன். முதலில் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

லெந்து என்பது உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முந்தின நாற்பது நாள். பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர்கள் நாங்கள் அந்த நாற்பது நாளும் கறி, மீன், முட்டை தொடுவதில்லை. அடியோடு தொடாதவர்கள் உண்டு. வீட்டில் மட்டும் தொடாதவர்களும் உண்டு. நான் இரண்டாவது கூட்டம். முந்தின வருடங்களில் புரோட்டாவுக்குச் சால்னா ஊற்றியிருக்கிறேன். சால்னாவில் கறி கிடையாது, வாசம்தான் என்பது என் கட்சி. மனைவிக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும். ஆனால் அவர் வந்து அவளிடம் சொல்கிறவர் இல்லை.

இந்தத் தடவை சும்மா லெந்து இல்லை. பொருத்தனை, நேர்த்திக்கடன் மாதிரி. எங்களுக்கு ஒரே மகள். ஏரலில் கட்டிக் கொடுத்திருந்தோம். இரண்டு தடவை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாதம், ஒன்று ஐந்தாம் மாதம். மூன்றாவது தடவை ஐந்து தாண்டி ஆறில் நின்றது. லெந்து தொடங்குகிற சாம்பல் புதன் அன்று என் மனைவி கோயிலில் ஆல்டர் முன்னால் முழங்கால் போட்டு, இந்தப் பிள்ளை தங்கினால் போதும், நானும் என் வீட்டுக்காரரும் நாற்பது நாளும் சுத்தமாக இருக்கிறோம் என்று பொருத்தனை பண்ணிவிட்டாள்.

என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அதனால் கேட்கவில்லை என்பது சாக்கு ஆகாது.

எனக்கு வேலை மேலப்பாளையத்தில், ஒரு வைண்டிங் பட்டறையில். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின கம்பியை உருவிவிட்டு, புதுக் கம்பி சுற்றுகிற வேலை. முதலாளி ஒரு பாய். என் வயதுதான். பக்கத்துத் தெருவில் பள்ளிவாசல். நோன்பு மாதம் வந்துவிட்டால் அங்கே மத்தியானமே பெரிய பெரிய அண்டாவில் கஞ்சி ஏற்றிவிடுவார்கள். பூண்டு, இஞ்சி, வெந்தயம், தேங்காய்ப்பால். இரண்டு மணிக்கெல்லாம் வாசம் பட்டறைக்குள் வந்துவிடும். வார்னிஷ் நாற்றத்தையும் தாண்டி வரும். சாயங்காலம் பாத்திரம் கொண்டு போகிற எல்லாருக்கும் ஊற்றுவார்கள். நீ யார் என்று கேட்பதில்லை. பாத்திரம் இருந்தால் போதும்.

முதல் நாள் முதலாளிதான் ஒரு டம்ளர் வாங்கி வந்து என் முன்னால் வைத்தார்.

“குடியும்வே. இன்னைக்கு வெறும் அரிசிக் கஞ்சிதான். உம்ம லெந்துக்கு ஒண்ணும் ஆவாது.”

குடித்தேன். அவர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாமல் உட்கார்ந்திருந்தார். அவர் நோன்பு திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் டம்ளரை வழித்து நக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காலையில தோசை, மத்தியானம் ஒரு அடுக்குச் சோறு, நடுவுல நாலு வடை. இது என்ன நோன்புவே?”

“கறி கிடையாதுல்லா, பாய்.”

“கறி இல்லன்னா எங்க ஊர்ல அதுக்குப் பேரு பத்தியம்.”

நியாயமான பேச்சுதான்.

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டி எடுத்துப் போனேன். எதுக்கு என்று மனைவி கேட்டாள். பட்டறையில் டீ வாங்க என்றேன். முதல் பொய் அது. கஞ்சியில் அன்றைக்கும் கறி இல்லை. அப்படியிருக்க ஏன் பொய் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பின்னால் தேவைப்படும் என்று வயிற்றுக்குத் தெரிந்திருக்கும்.

நாலாம் நாள் அண்டாவிலிருந்து வந்த வாசமே வேறு. நோன்புக் கஞ்சிக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டுக்காரர் பொறுப்பு எடுப்பார்கள். வசதிக்காரர் வீட்டு முறை என்றால் கறி விழும். முதலாளி என்னை முன்கூட்டியே எச்சரித்தார். அதை நான் சொல்லியாக வேண்டும்.

“இன்னைக்குக் கறிக் கஞ்சிவே. வேண்டாம்னா விட்டுரும்.”

“நிறையக் கிடக்குமோ?”

“கொத்தின கறி. அங்கங்க கிடக்கும்.”

“வடிச்சுக் குடிச்சிக்கிடுதேன்.”

“எதுலவே வடிப்பீரு?”

பல்லில் வடித்தேன். வடித்ததைத் துப்பவில்லை. முதல் துண்டு மாட்டியபோது இஞ்சி என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது துண்டையும் இஞ்சி என்றே நினைத்தேன். மூன்றாவதில் சின்ன எலும்பு இருந்தது. இஞ்சிக்கு எலும்பு கிடையாது. அதற்குள் சட்டி காலி.

அதற்கப்புறம் இஞ்சி என்று நினைக்கிற கஷ்டம்கூட எடுக்கவில்லை. நாலு மணிக்கே தூக்கைக் கழுவி வைத்துவிடுவேன். கறி இல்லாத நாளில் முகம் வாடிவிடும். முதலாளி பார்த்துச் சிரிப்பார். “நாளைக்கு ஒரு சவுதிக்காரன் வீட்டு முறைவே. பொறும்,” என்பார்.

மூன்று வாரத்துக்குள் பதினோரு நாள் கறிக் கஞ்சி. எண்ணி வைத்திருந்தேன். பண்டிகைக்கு அப்புறம் பதினோரு நாள் கூடுதலாகக் கறி தின்னாமல் இருந்து நேர் பண்ணிவிடலாம் என்று கணக்கு. ஆண்டவரிடம் கேட்டு ஒத்துக்கொண்ட கணக்கு இல்லை. நானே போட்டுக்கொண்டது.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஐயர் சோதனையைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார். எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். வாலிப வயசு, புல்லட்டில் வருவார். கடவுள் யாரையும் பாவத்துக்கு இழுக்க மாட்டார் என்றார். சாத்தானும் கழுத்தில் கயிறு போட்டு இழுக்க மாட்டான், தூண்டில் மட்டும்தான் போடுவான், வந்து கவ்வுகிறது மீன்தான் என்றார். மீன் என்றதும் எனக்குக் குழம்பு ஞாபகம் வந்துவிட்டது. மேற்கொண்டு அவர் என்ன சொன்னார் என்று தெரியாது.

இதில் இன்னொன்று நடந்தது. எனக்கு உடம்பு தேறிவிட்டது. பல வருடமாக நெஞ்செரிச்சல் உள்ள ஆள் நான். கஞ்சியில் போட்ட வெந்தயமோ பூண்டோ, எரிச்சல் போய்விட்டது. கன்னத்தில் சதை வைத்தது. மனைவி இதைக் கவனித்துவிட்டாள்.

சனிக்கிழமைதோறும் சாயங்காலம் பெண்கள் ஜெபக்கூட்டம். ஒரு வாரம் ஒரு வீடு. அந்த வாரம் எங்கள் வீடு. பத்துப் பெண்கள். தலைவி ஓய்வுபெற்ற டீச்சர். நான் வாசல் பக்கம் ஸ்டூலில் இருந்தேன். மனைவி எழுந்து சாட்சி சொன்னாள்.

“நாப்பது நாளு வெறும் காய்கறிதான்னு சொன்னப்ப, இவுகளுக்கு உடம்பு தாங்குமான்னு பயந்தேன். இப்ப பாருங்க. மொகமே தெளிஞ்சு போச்சு. பொருத்தனைய ஆண்டவர் ஏத்துக்கிட்டாருன்னு இதுலயே தெரியுது.”

பத்துப் பேரும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். வேதத்தில் ராஜா கொடுத்த கறியை வேண்டாம் என்று தள்ளி, பருப்பும் தண்ணீருமே சாப்பிட்டு மினுமினுப்பாக இருந்த அந்த நாலு வாலிபர் மாதிரி என்றார் டீச்சர். வாலிபர் என்றதற்கு இரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.

நானும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே.

அதற்கடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் மருமகன் போன் பண்ணினார். மகளுக்கு ரத்தம் படுகிறது, காரில் ஏற்றிவிட்டோம், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறோம் என்றார். நாங்கள் முந்திப் போய் நின்றோம். மகள் இறங்கும்போது சேலை நனைந்திருந்தது. என்னைப் பார்த்து “அப்பா” என்றாள்.

டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு வெளியே வந்தார். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கிடக்கிறது, அதனால்தான் ரத்தம், பிள்ளை இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, அசையாமல் படுத்திருக்க வேண்டும், ரத்தம் நின்றால் நல்லது, நிற்காவிட்டால் ஏழு மாதத்திலேயே எடுக்க வேண்டியிருக்கும் என்றார். நடந்து நடந்து பேசுகிற ஆள். நாங்கள் பின்னாலேயே ஓடிக் கேட்டோம்.

பிள்ளைப்பேறு வார்டுக்குள் ஆண்களை விட மாட்டார்கள். மனைவி உள்ளே. மருமகனும் நானும் வெளியே. சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் சிமெண்டு பெஞ்சு இருந்தது. அதுதான் எங்கள் இடம். கூட்டுகிறார்கள், கழுவுகிறார்கள் என்று மனைவியையும் வெளியே அனுப்பும்போது அவளும் அங்கே வருவாள்.

புதன்கிழமை காலையில் வந்தாள். மருமகன் மருந்து வாங்கப் போயிருந்தார். இட்லி பொட்டலத்தை நீட்டினேன். வேண்டாம் என்றாள்.

“நேத்து ராவும் சாப்பிடலைல்லா?”

“ரத்தம் நிக்குத வரைக்கும் சாப்பிட மாட்டேன்.”

“சுகர் மாத்திர?”

“அத போட்டுட்டேன். அது சாப்பாட்டுல சேராது.”

அவளுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஏன் இப்படி என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள்.

“பொருத்தனைய முறிச்சுட்டேன்.”

என்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. பத்து நாளைக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள். கேக் வெட்டி ஒரு துண்டு கையில் கொடுத்திருக்கிறார்கள். வாயில் போட்டபிறகு முட்டை ஞாபகம் வந்திருக்கிறது.

“துப்பியிருக்கலாம். துப்பலைங்க. நாலு பேரு முன்னால எப்படித் துப்பன்னு முழுங்கிட்டேன். மனுசருக்குப் பயந்தேன், ஆண்டவருக்குப் பயப்படல.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “எம் பிள்ளைக்கு நானே எமனாயிட்டேன்.”

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்கென்றே வாய்த்த இடம். “கேக்குதானடி” என்றேன். “கேக்குதானன்னு சொல்லாதிய. ஆதியில தோட்டத்துல தின்னதும் ஒரு பழம்தான்,” என்றாள். உள்ளே கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

சாயங்காலம் ஜெபக்கூட்டத்துப் பெண்கள் பார்க்க வந்தார்கள். மனைவி வராந்தாவில் நின்று அவர்களிடம் கேக்கைச் சொல்லி அழுதாள். பெரிய கொலைக்கேஸ் மாதிரி சொன்னாள். டீச்சர் அவள் தலையில் கை வைத்தார்.

“இது உங்க தப்பு இல்லம்மா. சாத்தான் எந்த ரூபத்துலயும் வருவான். கேக் ரூபத்துல வந்திருக்கான்.”

அப்புறம் பத்துப் பேரும் சேர்ந்து, இனி அவன் கை ஓங்காதபடி சாத்தானைக் கட்டி ஜெபித்தார்கள். கேக்கின் வழியாக வந்த எல்லா வல்லமையையும் கட்டினார்கள். வாட்ச்மேன் வந்து சத்தம் போடாதீங்க என்று சொன்ன பிறகு மெதுவாகக் கட்டினார்கள். நான் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். கட்ட வேண்டிய ஆள் பத்தடி தூரத்தில் நிற்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை.

அவள் அன்றைக்கும் சாப்பிடவில்லை. சாத்தானைக் கட்டியதில் அவளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. கேக்கை முழுங்கியது அவள் தொண்டை என்று அவளுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலையில் ஒரு நர்ஸ் வெளியே வந்து என்னைத் தேடினார். “உங்க வீட்டம்மா கை நடுங்கி உக்காந்துட்டாங்க. குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்தேன், அரை டம்ளரத் தள்ளி விட்டுட்டாங்க. பிள்ளைக்காரியப் பாப்பமா, அவங்க அம்மாவப் பாப்பமா? சாப்பிட வைங்க. இல்லன்னா இன்னொரு கட்டிலுக்குச் சொல்லி வைங்க.”

நான் பட்டறைக்குப் போனேன். லீவு சொல்லப் போகிறேன் என்று மருமகனிடம் சொன்னேன். உண்மையில் சண்டை பிடிக்கத்தான் போனேன். பஸ்ஸில் போகும்போதே நியாயம் எல்லாம் அடுக்கிவிட்டேன். நான் பாட்டுக்கு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவன். முதல் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தது யார்?

முதலாளி விஷயம் கேட்டதும் பதறிவிட்டார். மகளுக்கு எப்படி என்று இரண்டு தடவை கேட்டார். நான் விடவில்லை.

“நீரு எதுக்கு பாய் எனக்குக் கஞ்சி கொடுத்தீரு? நான் லெந்துன்னு உமக்குத் தெரியும்லா?”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நோன்பு வைத்த முகம். உதடு காய்ந்திருந்தது.

“வே, அன்னா தொங்குதே, அந்தத் தூக்கு யாருது?”

“என்னுது.”

“கொண்டாந்தது?”

“நான்தான்.”

“வரிசையில போயி நின்னது?”

நான் தூக்கைப் பார்த்தேன்.

“முத நாளு டம்ளரு என் கணக்கு. அதுல கறி இல்ல. மிச்சத்துக்கு என்னைய இழுக்காதியும். நானே நோன்பு வாயோட கெடக்கேன். போம். போயி உம்ம பொஞ்சாதிய சாப்பிட வையும். நான் அஸர் தொழுகையில உம்ம பிள்ளைக்குத் துஆ செய்யுதேன்.”

தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பழி போட வைத்திருந்த இவரும் கைநழுவிப் போனார். இனி சாத்தான் ஒருத்தன்தான் பாக்கி. அவனைப் பிடிக்கலாம் என்று ஐயர் வீட்டுக்குப் போனேன்.

ஐயர் புல்லட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நான் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாகப் பேசியது கிடையாது. அவர் துணியைக் கீழே வைத்தார்.

“கஞ்சியில கறி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதுல்ல?”

“தெரியும் ஐயா.”

“சரி. முதல் தடவ தெரியாம நடந்திருக்கும்.”

“முதல் தடவ கறியே இல்ல ஐயா.”

அவர் எனக்கு எப்படியாவது ஒரு கதவு திறந்துவிடப் பார்த்தார். நல்ல மனுஷன். எல்லாக் கதவையும் நானே வெளியிலிருந்து பூட்டி வைத்திருந்தேன்.

“உங்க வீட்டம்மாகிட்ட நான் வேணா வந்து பேசட்டுமா? பேரு சொல்லாம, பொதுவா. உங்க வீட்டுல வேற ஒருத்தர் இதவிடப் பெரிய தப்பு செஞ்சிருக்கலாம், உங்க கேக்க ஆண்டவர் பெருசா எடுக்க மாட்டார், அப்படின்னு…”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம் யோசித்தேன்.

“எங்க வீட்டுல அவளும் நானும்தான் ஐயா இருக்கோம்.”

ஐயர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. அப்புறம் முகத்தைச் சரிசெய்துகொண்டு, “அப்போ நீங்கதான் சொல்லணும்,” என்றார். ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டார். நேரம் இல்லை ஐயா, அவள் சாப்பிடவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்து நர்ஸிடம் சொல்லி அவளை வெளியே வரவழைத்தேன். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. மருமகனை டீ குடிக்க அனுப்பினேன். அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். நான் நின்றேன்.

“ஏட்டி. நான் கறி தின்னுட்டேன்.”

“என்னது?”

“பட்டறையில. நோன்புக் கஞ்சி. அதுல கறி கிடந்துச்சு.”

“தெரியாம குடிச்சிட்டியளா?”

இவளும் ஒரு கதவு திறந்தாள்.

“தெரிஞ்சுதான்.”

“என்னைக்கு?”

“பதினோரு நாளு.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. பதினோராம் தேதி என்று நினைத்தாளோ என்னவோ. பதினோரு தடவை என்றேன். அப்புறம் புரிந்தது.

“டீ வாங்கன்னு தூக்கு கொண்டு போனியள்லா?”

“அதுக்குத்தான் கொண்டு போனேன்.”

“நான் பத்துப் பேரு முன்னால எந்திரிச்சு நின்னு, எம் புருசன் மொகத்தப் பாருங்கன்னு சாட்சி சொன்னேன்.”

“ஆமா.”

“நீங்க ஆமென் சொன்னிய.”

“சொன்னேன்.”

“நேத்து ஒரு வாய் கேக்குக்கு நான் ஊரக்கூட்டி அழுதேன். நீங்க அந்தத் தூணுல சாஞ்சு நின்னு பாத்துக்கிட்டிருந்திய.”

“பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

ஒரு ஆம்புலன்ஸ் வந்து ஆளை இறக்கிவிட்டுப் போனது. அப்புறம் கேட்டாள்.

“ருசியா இருந்துச்சா?”

பொய் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இல்லை என்று சொல்லியிருந்தால் அவளுக்கும் ஒரு ஆறுதலாக இருந்திருக்கும்.

“இருந்துச்சு,” என்றேன்.

என் தோளில் கிடந்த துண்டை உருவி என்னை அடித்தாள். மூன்று அடி. வலிக்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டுக்காரன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அடித்துவிட்டு அழுதாள். “அப்போ பிள்ளைக்கு இப்படி வந்தது உங்களாலதானா?”

தெரிந்ததைச் சொன்னேன்.

“அது எனக்குத் தெரியாது. நஞ்சு கீழ கிடக்குன்னு டாக்டரம்மா சொல்லுதா. ஒரு சட்டிக் கஞ்சிக்காக ஆண்டவரு வயித்துக்குள்ள கைய விட்டு நஞ்சப் பிடிச்சு இழுப்பாருன்னு எனக்குத் தோணல. இழுக்கணும்னா என்னையத்தான் இழுக்கணும். உன் கேக்கப் பத்தி எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா நீ மூணு நாளா பட்டினி கெடக்குத பாரு, அது என்னாலதான். செவ்வாக்கிழமையே நான் வாயத் தொறந்திருந்தா நீ இப்படிச் சுவரப் பிடிச்சிட்டு நடக்க மாட்ட. இத ஐயரு சொல்லல. எனக்கே தெரியும்.”

மூக்கைத் துடைத்தாள். துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“போயி இட்லி வாங்கிட்டு வாங்க.”

ஓடினேன். நாலு இட்லி, சாம்பார், சட்னி. பிரித்து வைத்தேன். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வசவு. நான் செத்தால்கூட என் வாயில் அரிசி போட மாட்டேன் என்றாள். என் அம்மா வளர்த்த வளர்ப்பு என்றாள். கல்யாணத்துக்கு வந்த அன்றைக்கே தெரியும், பந்தியில் இரண்டு தடவை உட்கார்ந்தவன்தானே என்றாள். அது உண்மைதான். சட்னியைத் தொட்டுக்கொள் என்றேன். நீங்கள் பேசாதீர்கள் என்றாள். நாலும் முடிந்ததும் இன்னும் இரண்டு கேட்டாள். பாவத்தை ஒத்துக்கொண்டால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. அவள் கை நடுங்காமல் இட்லியைப் பிய்த்தாள், அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கையைக் கழுவிவிட்டுச் சொன்னாள்: “சனிக்கிழமை கூட்டத்துல நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். என் கேக்குக்கு நான் சொன்னேன்லா.”

வெள்ளிக்கிழமை ரத்தம் குறைந்தது. சனிக்கிழமை காலை நின்றுவிட்டது. இன்னும் படுக்கையில்தான் இருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. மகளுக்குத் துணையாக மருமகனின் அம்மா வந்து இருந்தார்கள். சாயங்காலம் டீச்சர் வீட்டில் கூட்டம். மனைவி எனக்கு முன்னால் நடந்தாள். நான் தப்பி ஓடிவிடுவேனோ என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

பாட்டு முடிந்ததும் எழுந்து நின்றேன். என் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பொருத்தனை இருக்கும்போது பதினோரு நாள் கறிக் கஞ்சி குடித்தேன், தெரிந்து குடித்தேன், டீக்கு என்று பொய் சொன்னேன், போன வாரம் ஆமென் சொன்னதும் பொய்தான். அவ்வளவுதான். உட்காரப் போனேன். டீச்சர் விடவில்லை.

“அண்ணாச்சி, சாத்தான் எவ்வளவு தந்திரமா உங்கள ஏமாத்தியிருக்கான் பாருங்க. அதையும் சேத்துச் சொல்லுங்க.”

“இல்லம்மா. அவன் மேலப்பாளையம் பக்கமே வரல.”

“அப்படிச் சொல்லாதிய. அவன் வராம எப்படி?”

“ஊத்தினது ஒரு பெரியவரு. கறி கிடக்கும்னு என் முதலாளி முன்னாலேயே சொல்லிட்டாரு. யாரும் என்னைய ஏமாத்தல. நான்தான் இவள ஏமாத்தினேன்.”

டீச்சருக்குத் திருப்தி இல்லை. எல்லாரும் எழுந்து நில்லுங்கள், சாத்தானைக் கட்டுவோம் என்றார். பெண்கள் எழுந்தார்கள். என் மனைவி மட்டும் எழவில்லை.

“டீச்சர், அவன அப்புறமா கட்டிக்கிடலாம். அவன் எங்கயும் போவ மாட்டான். முதல்ல இவுகள நாலு வார்த்த கேளுங்க.”

கேட்டார்கள். பத்துப் பேரும் கேட்டார்கள். முக்கால் மணி நேரம். சாத்தான் அன்றைக்குப் பிழைத்தான்.

மீதி லெந்து முழுவதும் வேலை முடிந்து வந்ததும் என்னை வாசலில் நிறுத்தி வாயை ஊதச் சொன்னாள். குடிகாரன் வீட்டில்தான் அப்படிச் செய்வார்கள். தெருவே பார்த்தது. ஊதினேன்.

வைகாசியில் ஆபரேஷன் பண்ணிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. எடை கொஞ்சம் குறைவு. குரல் குறைவில்லை. என்னையும் அன்றைக்கு உள்ளே விட்டார்கள். மனைவி பிள்ளையைத் துணியோடு வைத்திருந்தாள். என்னிடம் தருவாள் என்று கையை நீட்டினேன். தரவில்லை.

“பிள்ளைக்கு ஒண்ணும் ஆவல. அது ஆண்டவர் கிருபை,” என்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். “உங்களுக்கும் ஒண்ணும் ஆவல. அதுவும் கிருபைதான். அது எதுக்குன்னுதான் எனக்குத் தெரியல.”

எனக்கும் தெரியவில்லை. “கையக் கழுவிட்டு வாங்க, தாரேன்,” என்றாள். கழுவப் போனேன்.